உன் அக்கா வீட்டை மீட்ட விதம்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்
18 ஜனவரி 1942

அன்புள்ள தம்பி ஸ்தனிஸ்லாஸுக்கு,

புது வருஷத்துக்கு நீ எழுதிய கடிதமும் பத்து ரூபாய் மணியார்டரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஒரே தபாலில் வந்து சேர்ந்தன. உன் அக்கா மர்சலினும் ஐரினும் நானும் சுகமாக இருக்கிறோம். கொழும்புத் துறைமுகத்தில் உனக்குக் குமாஸ்தா வேலை நிரந்தரமாகிவிட்டது என்று படித்ததும், அக்கா அன்று சாயங்காலமே கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தாள். கடிதங்களை இப்போது பிரித்துப் பார்க்கிறார்களாம். ஆகையால் கப்பல், பட்டாளம் என்று ஒன்றும் எழுதாதே. என்ன சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய் என்று எழுது. அக்காவுக்கு அதுதான் வேண்டும்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு மட்டும் நான் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போய்விடுங்கள், என்னால் நீங்கள் வயிற்றைக் கட்டி வாழ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதை நான் உரக்கப் படித்தபோது அக்கா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "சம்பளம் நெரந்தரம் ஆனதும் தொரைக்கு எங்களுக்கே புத்தி சொல்லத் தோணுது. நாங்க வயித்த ஒண்ணும் கட்டலைன்னு எழுதுங்க. ஞாயித்துக்கிழமை கறி எடுக்கறோம்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

தம்பி, நீ வேலை பார்த்த சைக்கிள் கடைக் கல்லாவிலிருந்து கிண்டிப் பந்தயக் குதிரைகள் கொண்டுபோன ஆயிரத்து இருநூறு ரூபாயைப் பற்றி நான் இதுவரை ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. இனியும் எழுதமாட்டேன். உன்னைப் போலீசுக்குப் போகவிடாமல் இருக்க, என் அப்பா கட்டிய வீட்டை நல்லசிவம் பிள்ளையிடம் அடமானம் வைத்தோம். வைக்கச் சொன்னது நான். உன் அக்கா என்னிடம் கேட்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் எழுத நினைப்பது, அதற்குப் பிறகு உன் அக்கா செய்ததை. நீ அப்போதே கப்பல் ஏறிவிட்டதால் உனக்கு இதெல்லாம் தெரியாது.

ஏழு வருஷத் தவணை, நூற்றுக்கு ஒன்பது வட்டி. பிள்ளையவர்கள் வட்டியை வாங்கிக்கொள்ள மாதம் பிறந்ததும் தாமே வருவார். நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றாலும் கேட்பதில்லை. பணத்தை மடியில் முடிந்துகொண்டு, குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, நேரே கொல்லைக்குப் போவார். தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்துக் காய்களை எண்ணுவார். சுவரில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். முதல் வருஷம் ஒரு நாள், கிணற்றங்கரையில் நின்றுகொண்டு, "இந்தக் கெணத்தத் தூத்துட்டா இங்கன ஒரு ரூம் எடுக்கலாம், பாத்துக்கிடுங்க" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. வீடு எப்படியும் தம்மிடம்தான் வரப்போகிறது என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அவர் போன பிறகு அக்கா என்னிடம் கேட்டாள்: "ஏழு வருஷமும் இந்த மனுஷன் நம்ம கெணத்தத் தூத்துக்கினே இருப்பாரா?" அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அவள் முதலில் கை வைத்தது கடைப் பற்றில். கச்சேரி ரோட்டுக் கடையில் எழுதி வைத்து வாங்கிச் சம்பளத்தன்று கொடுப்பது நம் வீட்டுப் பழக்கம் அல்லவா? அந்தப் பாக்கியை அடைக்கவே மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதம் ராத்திரியில் கஞ்சிதான், அதை மறைக்கமாட்டேன். பிறகு ரொக்கம் கொடுத்து வாங்க ஆரம்பித்ததும் அதே கடைக்காரர் அதே அரிசிக்கு விலையைக் குறைத்தார். இத்தனை வருஷமாக நாம் அந்தப் பற்று நோட்டுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். கம்பெனியில் நாள் முழுவதும் கணக்கு எழுதுகிற எனக்கு இது தோன்றவில்லை.

அப்புறம் டின்கள். பிஸ்கட் டின், பவுடர் டின், எதுவென்று இல்லை. அரிசிக்கு ஒன்று, விறகுக்கும் எண்ணெய்க்கும் ஒன்று, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு, மருந்துக்கு, கோவிலுக்கு, பிள்ளையவர்களின் கடனுக்கு. எனக்கும் ஒரு டின் உண்டு. சிகரெட்டை நிறுத்து என்று அவள் சொல்லவில்லை. மாதம் பிறந்ததும் என் டின்னில் ஒரு தொகை போட்டுவிடுவாள். அது தீர்ந்தால் சிகரெட்டும் தீர்ந்தது. முதல் மாதம் பன்னிரண்டாம் தேதியே தீர்ந்துபோய் நான் கோபித்துக்கொண்டேன். இப்போது முப்பதாம் தேதி இரண்டு சிகரெட் மிச்சம் வைத்திருக்கிறேன். ஒரு டின்னிலிருந்து இன்னொரு டின்னுக்குக் காசு போகக் கூடாது என்பது சட்டம்.

அந்தச் சட்டத்தை அவளே ஒரு தடவை உடைத்தாள். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் ஐரினுக்கு விஷ ஜுரம். மருந்து டின் மூன்றே நாளில் காலி. நான் கம்பெனியில் முன்பணம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் பிள்ளையவர்களின் டின்னை எடுத்துத் தலைகீழாக என் கையில் கொட்டிவிட்டு, "டாக்டரக் கூட்டிக்கினு வாங்க. புள்ளைக்குத்தான வீடு" என்றாள். அந்தக் குழி நிரம்ப நான்கு மாதம் ஆயிற்று. அவள் ஒரு நாளும் அதைச் சொல்லி முகம் சுளித்ததில்லை.

விறகைப் பங்குனியிலேயே விறகுத் தொட்டிக் கடையிலிருந்து வண்டியாக வாங்கி அடுக்கிவிடுகிறாள். மழைக்காலத்தில் ஊரார் ஈர விறகுக்கு இரட்டை விலை கொடுக்கும்போது நம் அடுப்பு எரிகிறது. மீனுக்கு நொச்சிக்குப்பத்துக்குத் தானே போவாள், ஏலமெல்லாம் முடிந்து கூடை வீட்டுக்குத் திரும்பும் நேரம் பார்த்து. வேம்பு என்கிற மீன்காரி ஒரு நாள், "இன்னாம்மா, மீனு கருவாடா ஆவற வரிக்கும் நின்னுக்கினே இருப்பியா?" என்று கேட்டாளாம். "நீ வெலைய எறக்கற வரிக்கும்" என்றாளாம் உன் அக்கா. இப்போது இருவரும் சிநேகிதிகள். முன்னறையை அன்வரி பேகம் என்கிற தையல்கார அம்மாளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவர் தைக்கிற உடுப்புகளுக்குப் பொத்தான் கட்டி ஓரம் அடிப்பது அக்கா. அதில் வருகிற காசும் பிள்ளையவர்களின் டின்னுக்கே. நான் காலையில் டிராமில் போய்ச் சாயங்காலம் கடற்கரை ஓரமாக நடந்து வருகிறேன். தொந்தி போய்விட்டது.

இப்படிச் சேர்ந்ததை அசலில் கட்டப் போனால் பிள்ளையவர்கள் வாங்கமாட்டேன் என்றார். வருஷத்துக்கு நூறு ரூபாய்தான் அசலில் வாங்குவாராம். அதற்கு மேல் வாங்கினால் வட்டி குறைந்துபோகுமே. ஆகவே மூன்று நூறு கட்டியிருக்கிறோம், மீதி தபாலாபீஸ் சேவிங்ஸில் கிடக்கிறது. "கெடக்கட்டும். ஒரு நாள் அவருக்கே தேவைப்படும்" என்கிறாள்.

உன் மணியார்டரும் அதே டின்னில்தான் போகிறது. உனக்கென்று தனியாகச் சேர்த்து வைக்கலாமே என்று நான் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வீட்டை விற்கச் சொல்லி மறுபடி எழுதாதே. வெயிலில் தொப்பி போட்டுக்கொள். சர்வேசுரன் உன்னைக் காப்பாராக.

உன் அத்தான்,
மரியதாஸ்

* * *

சாந்தோம்
27 ஏப்ரல் 1942

அன்புள்ள தம்பி,

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் காலையில் உங்கள் ஊரில் குண்டு போட்டார்கள் என்று இங்கே மறுநாள்தான் தெரிந்தது. அன்று முதல் உனக்கு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் சின்னக் கார்டுகள். அவை வந்து சேர்ந்தனவா தெரியாது. துறைமுகத்தின் பக்கம் என்று ரேடியோவில் சொன்னதைக் கேட்டு வந்து சொன்னது அன்வரி பேகம். உன் அக்கா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள். மத்தியானம் வரை வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மாதா பீடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். செபமாலை கையில் இருந்தது, உருட்டவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். எழுதிக்கொண்டே இருந்தால் நீ படிப்பாய் என்கிற நம்பிக்கை எனக்கு வருகிறது.

பாஸ்கு கழிந்த வாரமே, அவசியமில்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஜப்பான்காரன் இறங்கப்போகிறான் என்று பேச்சு. மயிலாப்பூரே ஒரு வாரத்தில் காலி. எழும்பூர் ஸ்டேஷனில் டிக்கெட்டுக்கு அடிதடி. தாம்பரம் வரை போக மாட்டுவண்டிக்காரன் கேட்கிற கூலியில் முன்பு ஒரு மாடு வாங்கலாம். மாடவீதிகளில் பூட்டு தொங்காத வாசல் அபூர்வம். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வக்கீல், மாடி வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கம்பெனி கணக்குகளைப் பெட்டியில் கட்டி உள்நாட்டுக்கு அனுப்பிவிட்டது. என்னையும் நாலு பேரையும் மட்டும் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நல்லசிவம் பிள்ளை வந்தார். குடை இல்லை. கொல்லைக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். செவ்வாய்க்கிழமை ரயிலில் குடும்பத்தோடு அம்பாசமுத்திரத்துக்குப் போகிறார்களாம். அங்கே எத்தனை வருஷம் இருக்க வேண்டி வருமோ, கையில் ரொக்கம் இல்லை, எல்லாம் பத்திரமாகக் கிடக்கிறது, பத்திரத்தை அங்கே யார் வாங்குவார்கள் என்றார்.

"தொள்ளாயிரம் பாக்கி இருக்கு தாயி. நீங்க திங்கக்கெழமைக்குள்ள அறுநூறு ரொக்கமாக் குடுத்தாப் போதும். எல்லாம் தீந்துதுன்னு பத்திரத்துலயே எழுதிக் குடுத்திருதேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, உன் அக்காவைப் பார்த்துத்தான். யாரிடம் பணம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் போன பிறகு எனக்கும் அவளுக்கும் பேச்சு வளர்ந்தது. தபாலாபீஸில் இருந்தது அறுநூற்றுச் சொச்சம். நாலு வருஷத்துப் பணம். அதை வைத்துக்கொண்டு வேலூருக்குப் போய்விடலாம் என்பது என் எண்ணம். நாளைக்குக் குண்டு விழப்போகிற வீட்டுக்காகக் கையிலிருக்கிற காசைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்றேன். கம்பெனியில் எல்லாரும் அதையே சொன்னார்கள். கோவிலுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "குண்டு விழுந்தா வீடு போவும். கடன் போவாதே. பத்திரம் அம்பாசமுத்திரத்துல பத்திரமா இருக்கும். வீடும் இல்லாம கடனும் இருந்தா அப்ப என்ன பண்ணுவீங்க?"

அவளே தொடர்ந்தாள்:

"கடன் இல்லாட்டி, எங்க போய் நின்னாலும் நம்ம ரெண்டு பேருக்கும் கை கால் இருக்குது. இந்த வீட்டு மேல குண்டு விழலைன்னு வைங்க. அப்ப வீடும் இருக்குது."

நீயே யோசித்துப் பார், இதில் எங்கே தப்பு? நான் ராத்திரி முழுவதும் தேடினேன். தவிரவும் ஒன்று, உன்னைப் பற்றிய கவலையில் அவள் சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த நிலைமையிலும் அவள் பயத்தைத் தனியாகவும் கணக்கைத் தனியாகவும் வைத்திருந்தாள். அது என்னால் முடியாது.

திங்கட்கிழமை தபாலாபீஸ் வாசலில் கூட்டம் தெருவரை நின்றது. எல்லாரும் பணம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள். எனக்குக் கம்பெனியில் லீவு இல்லை. விடியும் முன்பே அக்கா ஐரினைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். என் கையெழுத்துப் போட்ட காகிதம் அவளிடம் இருந்தது. ஐரின் சொன்னாள்: முன்னால் நின்ற ஓர் அம்மாள், நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டாராம். "எங்கயும் இல்ல. வீடு வாங்கப் போறோம்" என்றாளாம் உன் அக்கா. அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாராம்.

அன்று சாயங்காலமே பிள்ளையவர்கள் வந்து வாங்கிக்கொண்டார். அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி இந்த மனையின் மேல் எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று பத்திரத்தின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்வரி பேகமும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சி. போகும்போது, "நீங்களும் போயிருங்க தாயி, சின்னப் புள்ள இருக்கு" என்றார். அந்த அக்கறை நிஜம்தான்.

பத்திரத்தை அவள் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "இதப் பாத்தா ஸ்தனிஸ் என்னா சொல்லுவான்" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பாஸ்குவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை.

நாங்கள் போகவில்லை. கொல்லையில் பதுங்குகுழி வெட்டியிருக்கிறேன். அன்வரி பேகத்துக்கும் போக இடம் இல்லை. நீங்க இருந்தா நானும் இருக்கேன் அம்மா என்று சொல்லி, இரண்டு மாத வாடகையை முன்னாலேயே கொடுத்துவிட்டார். தெருவில் ராத்திரி விளக்கு இல்லை. அலைச் சத்தம் முன்பைவிடப் பக்கத்தில் கேட்கிறது.

தம்பி, ஒரு கார்டு போடு. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் ஒன்றும் எழுத வேண்டாம். விலாசம் உன் கையெழுத்தில் இருந்தால் போதும். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

தேவமாதா உன் பக்கத்தில் நிற்கட்டும்.

மரியதாஸ்

* * *

சாந்தோம்
9 ஜனவரி 1944

பிரியமுள்ள தம்பி ஸ்தனிஸ்லாஸுக்கு,

உன் கிறிஸ்துமஸ் கடிதம் கிடைத்தது. குண்டு போட்ட அன்று உன் கையில் பட்ட காயம் ஆறிவிட்டது என்று நீ எழுதி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அக்கா இன்னும் ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் முதலில் தேடுகிறாள். எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.

இங்கே எல்லாம் ரேஷன். வரிசையில் நின்றால் கிடைக்கிற அரிசியில் பாதி கல். விலை எல்லாம் ஏறிவிட்டது. நம் வீட்டு டின்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, பிள்ளையவர்களின் டின்னைத் தவிர. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அதற்கு வேலை தீர்ந்துவிட்டது. கடன்தான் அன்றைக்கே தீர்ந்துவிட்டதே என்று நீ கேட்பாய். இதுவரை உனக்கு எழுத வேண்டாம் என்று அக்கா தடுத்து வைத்திருந்தாள். முடிந்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டு செப்டம்பரிலேயே போனவர்கள் எல்லாம் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். குண்டும் விழவில்லை, ஒருவனும் இறங்கவில்லை. வீடுகளுக்கு வாடகை பழையபடி ஏறி, அதற்கு மேலும் ஏறிவிட்டது. நல்லசிவம் பிள்ளையும் திரும்பி வந்தார். ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது நம் சந்து முனையில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நடக்க ஆரம்பித்தார். ஆள் இளைத்துப்போயிருந்தார். அக்காவிடம் சொன்னேன். மறுநாள் அவள் ஐரினை அனுப்பி அவரைக் கூட்டிவரச் செய்தாள்.

காப்பி கொடுத்துவிட்டு, "உங்களுக்கு முந்நூறு ரூபா பாக்கி இருக்குது. மாசம் இருபதா குடுத்துடறேன்" என்றாள்.

தம்பி, எனக்குப் புரையேறிவிட்டது. அவளை அடுக்களைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவராகச் சொன்ன தொகை, அவராக எழுதிய எழுத்து, நாம் யாரையும் ஏமாற்றவில்லை, நீ நாலு வருஷம் ஓடாய்த் தேய்ந்தது போதாதா என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் சத்தம் போடவில்லை. "அது பயத்துல சொன்ன தொகைங்க. கடன் வாங்கும்போது அவர் நம்ம பயத்தப் பாத்துத் தொகையக் கொறைக்கல. ஆயிரத்து எரநூறு கேட்டோம், ஆயிரத்து எரநூறு எண்ணி வெச்சார். அன்னிக்கு அவர் அப்படிக் குடுத்ததாலதான் ஸ்தனிஸ் ஜெயிலுக்குப் போகாம இருந்தான். பயந்தவர் கிட்ட கொறைச்சுக் குடுத்து வாங்கின வீட்டுல எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

கூடத்தில் பிள்ளையவர்களுக்கு இது கேட்டிருக்க வேண்டும். நாங்கள் வந்தபோது எழுந்து நின்றுகொண்டிருந்தார். "நான்தான் எல்லாம் தீந்துதுன்னு எழுதிக் குடுத்திட்டேம்லா தாயி. சட்டப்படி நான் கேக்க முடியாது, பாத்துக்கிடுங்க" என்றார்.

"நீங்க கேக்கல. நான் தர்றேன். ஆனா வட்டி கெடையாது."

அவருடைய பழக்கம் விடாது பார். "வட்டி..." என்று இழுத்தார்.

"கெடையாது" என்றாள் மறுபடியும். பிள்ளையவர்கள் தலையை ஆட்டினார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அவரும் சிரித்தார். நம் வீட்டுக்குள் அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சொன்னபடி மாதம் இருபது. அரிசி விலை ஏறியபோதும் இருபது, அன்வரி பேகம் உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் தைக்க முடியாமல் போனபோதும் இருபது. அந்த இரண்டு மாதமும் அவரிடம் வாடகையும் அவள் வாங்கவில்லை. எங்கிருந்து எடுத்தாள் என்று கேட்டேன். என் டின்னிலிருந்து என்றாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, நான் இரண்டு மாதமாகச் சிகரெட் பிடிக்கவே இல்லை. கடைக்காரனிடம் ஸ்டாக் இல்லை, அதனால்தான் டின்னில் காசு போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி இருபதைக் கொடுத்த அன்று பிள்ளையவர்கள் ரசீது எழுதினார். எழுதிவிட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். வேறு ஏதோ கேட்கப்போகிறார் என்று எனக்குப் பயம். "தாயி, எங்க வீட்டு மருமவளுக்கு இந்த டின்னு கணக்கக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும். என் மவன் சம்பளம் இருவதாந்தேதிக்கே தீந்துபோகுது. ஜெயலக்ஷ்மி நல்ல புள்ளதான், கைதான் நிக்க மாட்டேங்கு" என்றார். போன வாரம் அக்கா போய்விட்டு வந்தாள். அந்தப் பெண் கெட்டிக்காரி, செலவெல்லாம் மாமனார் வாங்குகிற பொடியிலும் வெற்றிலையிலும்தான் போகிறது என்று வந்து சொன்னாள். அவருக்கும் ஒரு டின் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

உன் அக்காவுக்கு நான் தாலி கட்டிப் பதினான்கு வருஷமாகிறது. எட்டாவதுவரை படித்தவள், அமைதியானவள், நன்றாகச் சமைப்பாள் என்று பெண் பார்த்த அன்று சொன்னார்கள். அது மூன்றும் சரிதான். ஆனால் நான் யாரோடு குடித்தனம் செய்கிறேன் என்று அன்றைக்குச் சொன்னவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை அவளிடம் சொன்னால், "அடுப்புல பால் இருக்குது, தள்ளுங்க" என்பாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இன்னொரு நாள் எழுதுகிறேன் என்று சொன்ன விஷயம் ஒன்று பாக்கி. நீ அனுப்பிய ஒவ்வொரு மணியார்டரையும் அவள் வீட்டுக்கடனிலேயே போட்டாள். அவன் கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை ஏன் தொடுகிறாய், அவன் கல்யாணத்துக்கு வைக்கலாமே என்று நான் அவளிடம் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "அவன் காசும் சேந்து மீட்டாத்தான் அவனுக்கு இது அக்கா வீடா இருக்கும். இல்லாட்டி வாசல்லயே நின்னுட்டுப் போயிடுவான்." ஆகவே இந்த வீட்டில் எத்தனையோ செங்கல் உன்னுடையது. நீ விருந்தாளி இல்லை.

நீ கிறிஸ்துமஸ் கடிதத்தில், இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி வருவேன் என்று எழுதியிருந்தாய். அதை நான் அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. அந்த வரியைத் தாண்டிப் படித்துவிட்டேன். அவளுக்கு அது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் கேட்கவில்லை.

இப்போது முக்கியமான சமாசாரம். ஐரினுக்குப் பன்னிரண்டு வயதான பிறகு, சர்வேசுரன் எங்களுக்கு மறுபடியும் ஒரு குழந்தையைத் தரப்போகிறார். மார்ச் மாதக் கடைசி என்கிறார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. அன்வரி பேகம் இப்போதே சின்னச் சட்டைகள் தைக்க ஆரம்பித்துவிட்டார். இந்த வயதில் பிரசவம் என்பதால் எனக்கு உள்ளூரப் பயம்தான். அக்காவுக்கு இல்லை, அல்லது அதையும் எங்கோ தனியாக வைத்திருக்கிறாள்.

நேற்றுப் பூசை முடிந்து வரும்போது பங்குச் சுவாமியார் அவளிடம், குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் யார் என்று கேட்டார். என் பெரியப்பா மகன் பெயரைச் சொல்வாள் என்று நான் நினைத்தேன். அவள் நடையை நிறுத்தாமல், "எந்தம்பி, சாமி. கொழும்புல இருக்கான். வந்துடுவான்" என்று சொல்லிவிட்டாள். சுவாமியாருக்கு உன்னைப் பற்றி எல்லாம் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான், ஆமாம் சாமி, வந்துடுவான் என்றேன்.

தம்பி, ஞானஸ்நானத் தொட்டியில் நம் வீட்டுக் குழந்தையை ஏந்திக்கொண்டு, பசாசை விட்டுவிடுகிறேன் என்று அதற்காக வாய்விட்டுச் சொல்ல வேண்டியவன் நீ. உன்னைத் தவிர வேறு யாரையும் அவள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. தலைமன்னார் வழியாக வர இப்போது பாஸ் வேண்டுமாம், இப்போதே எழுதிப்போடு. செலவுக்கு நீ அலைய வேண்டாம். பிப்ரவரி முதல் தேதி மணியார்டர் அனுப்புவேன். அதைத் திருப்பி அனுப்பினால் உன் அக்காவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எழும்பூருக்கு ஐரினும் நானும் வருகிறோம். நீ போனபோது அவள் குழந்தை, உன்னை அடையாளம் தெரியாது. ஆனாலும் தானே கண்டுபிடிப்பேன் என்கிறாள். ஒருவேளை ஸ்டேஷனில் எங்களைத் தவறவிட்டு நீ தனியாக வந்து சேர்ந்தால், வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்காதே. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே வா.

உன் வருகைக்காக விளக்கேற்றி வேண்டிக்கொள்கிற,
மரியதாஸ்